ரெண்டு பல்லு

ஹலீம் காக்கா வாயைப் பிளந்து பார்க்காத மாடு ஏறாவூரிலும் இல்லை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலும் இல்லை. மாட்டுத் தரகு என்றால் அவர்தான். இடது கையால் மூக்கைப் பிடித்து, வலது கைப் பெருவிரலைக் கடைவாயில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால், எந்தக் கொம்பனும் வாயைத் திறந்துவிடும். உள்ளே பார்ப்பார். வெற்றிலையைத் துப்புவார். வயதைச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை றஸீனாவின் வளவுக்குள் வந்து, வேம்போடு கட்டியிருந்த குதிரைக் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்த்தாடையில் முன்னுக்கு இருந்த பால் பல் இரண்டும் விழுந்து, புதுப் பல் இரண்டு பளிச்சென்று நின்றன.

“ரெண்டு பல்லு,” என்றார் ஹலீம் காக்கா. “ஆள் ஏத்தலாம்.”

“ஏத்த ஏலா,” என்றாள் றஸீனா.

பக்கத்தில் நின்ற அவளுடைய தம்பி முனாப் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பாவம், அவனுக்குத்தான் கலியாணம்.

இந்தக் கலியாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். ஆகவே அழுகிற வீடு மாப்பிள்ளை வீடு. அந்த அழுகை வெளியில் கேட்கக் கூடாது என்றுதானோ என்னவோ, போகிறவனைக் குதிரையில் ஏற்றி, ரபான் அடித்து, பைத் பாடி, வெடி கொளுத்தி, ஊரே திரண்டு கொண்டுபோய் விடும். அதற்கென்றே அப்துல் கபூர் மரைக்காரிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. ஊரில் பாதி ஆம்பிளைகள் அதன் முதுகில் இருந்துதான் பெண் வீட்டுக் கடப்படி வாசலைக் கண்டவர்கள். போன மாரியில் அது செத்துப் போயிற்று. மரைக்கார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

இப்போது ஏறாவூரில் குதிரை என்று சொல்ல மிஞ்சியது றஸீனாவின் சிவலை மட்டும்தான். பேரைப் பாருங்கள், சிவலை. செம்பட்டை மாட்டுக்கு வைக்கிற பேர். குட்டி பிறந்த அன்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் மாடு வளர்க்கிறவர்கள், அவர்கள் வாயில் வந்த பேர் அது. அப்படியே நிலைத்துவிட்டது. இரண்டரை வயதில் அது மளமளவென்று வளர்ந்து, கால் நீண்டு, கழுத்து நீண்டு, மினுமினுவென்று நிற்கும். கண்டவர்கள் ஒரு தரம் நின்று பார்க்காமல் போக மாட்டார்கள்.

பெண் வீட்டுக்காரி கைறுன்னிஸாவும் பார்த்திருந்தாள். உன்னிச்சை வட்டையில் வயலும், வயலுக்கு எருமையும், எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற குரலும் உள்ள பெண்பிள்ளை அவள். புருஷன் மவுத்தான பிறகும் ஒரு போகம் தரிசு விடாதவள். அவளுக்கு ஒரே மகள் ஸஹீதா. தன்னுடைய மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில் வந்தான், மகளுடைய மாப்பிள்ளை நடந்து வருவதா என்று ஒற்றைக் காலில் நின்றாள். நெல் வெட்டி முடிந்ததும் கலியாணம், மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும், வராவிட்டால் தன் கடப்படிப் பக்கமே வரத் தேவையில்லை. இதுதான் அவள் ஹலீம் காக்காவிடம் சொல்லி அனுப்பிய சொல். சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள், செய்து காட்டுகிறவள்.

ஹலீம் காக்கா றஸீனாவுக்கு எடுத்துச் சொன்னார். நாம்பன் மாட்டுக்கு இரண்டு பல் போட்டால் நுகத்தில் கட்டுகிறோம். ஏர் இழுக்கிறது, வண்டில் இழுக்கிறது, களத்தில் நெற்சூடு மிதிக்கிறது. இந்தக் குட்டி எந்த நாம்பனையும் விட உயரம். பள்ளிவாசலில் இருந்து பெண் வீடு வரைக்கும் எவ்வளவு தூரம்? பைத் பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு பின்னேரம், ஒரே ஒரு தரம். பிறகு நீ அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாலும் கேட்பார் இல்லை என்றார்.

றஸீனா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாடு கழுத்தால் இழுக்கிறது, குதிரை முதுகால் சுமக்கிறது, பல் முளைத்தால் முதுகெலும்பு முற்றிவிட்டது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று கேட்டாள். நாலு வயதுக்கு முந்தி இதன் முதுகில் ஒரு துணிமூட்டையும் ஏறாது என்றாள். ஹலீம் காக்கா மாட்டுக்கும் குதிரைக்கும் அல்லாஹ் தந்தது ஒரே மாதிரி நாலு கால்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறவள். சிவலையின் தாய் ஒரு தென்னந்தோட்டத்துத் துரையிடம் இருந்தது. துரை மலை மாதிரி ஆள். குட்டியாய் வாங்கிய பெட்டைக் குதிரையில் இரண்டு வயதிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னேரத்தில் தோட்டம் முழுக்கச் சுற்றுவார். அதுவும் சுற்றியது. முரண்டு பிடிக்கவில்லை, கடிக்கவில்லை, உதைக்கவில்லை. நல்ல குதிரை, நல்ல குதிரை என்று அவர் தட்டிக் கொடுத்துத் தட்டிக் கொடுத்தே அதன் முதுகை முறித்தார். ஆறு வயதில் அது நடுமுதுகு தொய்ந்து, துரைக்கு உதவாமல் போயிற்று. றஸீனாவின் புருஷன் சரீப் வண்டிக்கென்று அதை வாங்கி வந்தான்.

வண்டி இழுத்தது. ஸ்டேஷனுக்கு ஆட்களை ஏற்றிப் போய், ஸ்டேஷனில் இருந்து ஏற்றி வந்து, அவர்கள் இருவரும் சோறு தின்னப் போதுமான அளவுக்கு இழுத்தது. ஆனால் படுத்தால் எழும்புவது பெரும்பாடு. முன்னங்காலை ஊன்றி, முனகி, திரும்பவும் சரிந்து, மறுபடியும் ஊன்றி எழும்பும். அந்த முனகலைக் கேட்டுத்தான் றஸீனா சுபஹ் தொழுகைக்கு எழும்புவாள். வலியில் முனகுகிற குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவளுக்குப் பல்லைப் பற்றிப் பேசினால் என்ன ஏறும்? சரீப் காய்ச்சலில் மவுத்தானான். அதற்குப் பிறகு முனாப் வண்டியை ஓட்டினான். குட்டி பால் மறந்த பிறகு ஒரு காலையில் அந்தத் தாய்க் குதிரை ஊன்றிப் பார்த்தது, எழும்பவில்லை.

சரீப்பின் வண்டி கொட்டிலுக்குள் கூடாரத்தோடு நின்றது. சிவலை வளர்ந்து அதில் பூட்டப்படும் நாளை நினைத்துத்தான் றஸீனா பாய் இழைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. உம்மா போன பிறகு முனாப்பை வளர்த்தவள் அவள், தாய் போன பிறகு குட்டியை வளர்த்தவளும் அவள். இரண்டுக்கும் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சினாள் என்று ஊரில் பகடி பண்ணுவார்கள். அது பகடி இல்லை, உண்மைதான்.

நாள் நெருங்க நெருங்க, வருகிறவர் போகிறவர் எல்லாம் றஸீனாவுக்குப் புத்தி சொன்னார்கள். குதிரை பெரிதா, தம்பி பெரிதா என்று கேட்டார்கள். இரண்டையும் நான்தான் வளர்த்தேன், எது பெரிது என்று எனக்குத் தெரியும், வந்த வேலையைப் பாருங்கள் என்றாள். முனாப் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஸஹீதாவின் பேரைச் சொன்னாலே முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய்விடுகிறவன், இப்போது சோற்றை அளைந்துகொண்டு இருந்தான். கேட்காமல் இருக்கிற அந்த இருப்புத்தான் அவளை வதைத்தது.

ஒரு நாள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்கு றஸீனா போனாள். லுஹர் தொழுகைக்கு முன்னம் திரும்பி வந்தால், வேம்பில் கயிறு மட்டும் தொங்கியது. ஒழுங்கையில் சனம். நடுவில் சிவலை. முதுகில் மரைக்கார் வீட்டுச் சேணம், சேணத்தின் மேல் முனாப், கயிற்றைப் பிடித்தபடி ஹலீம் காக்கா, மாப்பிள்ளையே அவர்தான் என்கிற மாதிரி ஒரு சிரிப்போடு.

“பார் புள்ள! கல்லாட்டம் நிக்கிது. ஒரு துள்ளல் இல்ல. இதுக்கு ஏலாதெண்டு நீதானே சென்ன?” என்றார்.

சிவலை நின்றது உண்மைதான். துள்ளவில்லை. ஆனால் றஸீனா பார்த்தது வேறு இடத்தை. சேணத்துக்குக் கீழே முதுகு உள்வாங்கியிருந்தது. பின்னங்கால் இரண்டும் அகன்று, தொடைச் சதை விட்டு விட்டு நடுங்கியது. அவளைக் கண்டதும் காது இரண்டையும் முன்னுக்குத் திருப்பியது, ஆனால் அடி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கப் பயந்தது.

அவள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. போய்க் குதிரையின் கழுத்தில் கையை வைத்தாள்.

“அது நிக்கிறது ஏலுமெண்டு இல்ல காக்கா,” என்றாள். “கேட்டது நாமளெண்டு.”

முனாப் இறங்கினான். ஹலீம் காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சேணத்தை அவிழ்த்தார்.

அடுத்த நாள் காலை முனாப் தானாகவே தவிட்டு வாளியைக் கொண்டுபோய்ச் சிவலைக்கு வைத்து, வழக்கம்போல முதுகைத் தடவினான். கை பட்டதும் அந்த முதுகு கீழே போயிற்று. திரும்பத் தடவினான். திரும்பவும் கீழே போயிற்று. கையை எடுத்தான். குசினி வாசலில் நின்று பார்த்த றஸீனாவுக்கு அவனைத் திட்ட வேண்டும் போல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்திலேயே வடிந்தது. அவன் வந்து, வாசற்படியில் குந்தினான்.

“ராத்தா, நான் நடந்தே போறன். அவங்க வேணாமெண்டா வேணாம்.”

சொல்லிவிட்டான், ஆனால் சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் உடைந்து கண்டவள் இல்லை அவள். உம்மாவுடைய மையத்துக் கட்டிலைத் தூக்கியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பொடியன். இப்போது குதிரைக்காக ஸஹீதாவை விடுகிறேன் என்கிறான். விட்டால் பிறகு இவன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியும். வண்டியும் இல்லாமல், பெண்ணும் இல்லாமல், ராத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்த வளவுக்குள்ளேயே கிடப்பான். முதுகு தொய்வது குதிரைக்கு மட்டும் இல்லை.

அவள் யோசித்தாள். பாயை இழைத்தாள், அவிழ்த்தாள், திரும்ப இழைத்தாள். கைறுன்னிஸாவிடம் சிவலையின் தாயைப் பற்றி, முதுகைப் பற்றி எல்லாம் முன்னமே சொல்லி அனுப்பித்தான் இருந்தாள். ஹலீம் காக்கா கொண்டுபோய்ச் சேர்த்தது “ரெண்டு பல்லு” என்பதை மட்டும். அப்படியே முழுவதையும் சேர்த்திருந்தாலும் என்ன? ஊரான் குதிரையின் முதுகு கைறுன்னிஸாவுக்கு வலிக்குமா? தன்னுடைய எருமைக்கு ஒரு முள் குத்தினால் வைத்தியனைப் படுவான்கரையில் இருந்து கூட்டி வருகிற பெண்பிள்ளை அவள். அந்த இடத்தில் வந்ததும் றஸீனாவின் கை நின்றது. பிறகு பாயைச் சுருட்டி வைத்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவலையைக் கையில் பிடித்துக்கொண்டு, பின் ஒழுங்கைகளால் நடந்து கைறுன்னிஸாவின் வளவுக்குப் போனாள். மாப்பிள்ளையின் ராத்தா, கலியாணத்துக்கு முன்னம், அழைக்காமல், அதுவும் குதிரையோடு! பார்த்த பெண்டுகள் மூக்கில் விரலை வைத்தார்கள். வைக்கட்டும்.

கைறுன்னிஸா பின்வளவில் நெல்லுக் காயவைத்துக்கொண்டு நின்றாள். அந்த வளவின் பின்பக்கம் வாவிக்கு இறங்கும். குதிரையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. தான் வென்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

“வா புள்ள. இப்பயாவது புத்தி வந்திச்சே.”

“குதிர வந்திரிக்கு மாமி,” என்றாள் றஸீனா. “ஆனா கலியாணத்துக்கு இல்ல. உங்களுக்கு.”

கைறுன்னிஸாவுக்கு விளங்கவில்லை. றஸீனா விளங்கப்படுத்தினாள். முனாப் இந்த வீட்டுக்கு வருகிறான். வெறுங்கையோடு ஏன் வர வேண்டும்? இதையும் கொண்டு வரட்டும். சரீப்பின் வண்டியும் கொட்டிலில் நிற்கிறது, அதையும் அனுப்பிவிடுகிறேன். ஊரைக் கூட்டிச் சாட்சி வைத்துச் சொல்லவும் நான் தயார். இன்றையில் இருந்து இது உங்களுடைய குதிரை, எனக்கு இதில் ஒரு மயிர்கூடச் சொந்தமில்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கயிற்றை நீட்டினாள்.

கைறுன்னிஸா கயிற்றை வாங்கினாள். வாங்கிய கையோடு அவள் பார்வை மாறியதை றஸீனா கண்டாள். இதுவரைக்கும் அவள் பார்த்தது கலியாண ஊர்வலத்தை. இப்போதுதான் குதிரையைப் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குளம்பைத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் கை வைத்தாள். முதுகு தாழ்ந்தது. கையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். திரும்பவும் தாழ்ந்தது.

“இதென்ன, நோகுது போல கிடக்கு?”

“முந்தாநாள் ஏறிப் பாத்தாங்க மாமி.”

“ஆரு?”

“உங்கட மருமகனும் ஹலீம் காக்காவும்.”

கைறுன்னிஸாவின் உதடு இறுகியது. கொஞ்சம் தள்ளி வந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள் என்றாள் றஸீனா. கைறுன்னிஸா தள்ளிப் போய், நெல்லுப் பாய்க்கு அந்தப் பக்கம் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வயலுக்குள் கால் வைக்காமலே எந்த மூலை மேடு, எந்த மூலை பள்ளம் என்று சொல்கிற கண் அது.

“பின்பக்கம் மேடு,” என்றாள் மெல்ல. “தண்ணி உட்டா தலப்பக்கம் ஓடும்.”

“ஓம் மாமி.”

“இன்னும் மட்டத்துக்கு வரல்ல.”

“ஓம். வளந்துக்கிட்டு இரிக்கு. பின்பக்கம் முந்தி வளரும், தோள் பிந்தி வளரும். ரெண்டும் ஒரு மட்டத்துக்கு வரணும், மறுகா முதுகு இறுகணும். அதுக்குப் பிறகுதான் ஆள்.”

“அப்ப ஹலீம் காக்கா ரெண்டு பல்லெண்டாரே?”

“அவர் மாட்டப் பாத்தார் மாமி.”

கைறுன்னிஸா நெல்லுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். றஸீனாவும் உட்கார்ந்தாள். தாய்க் குதிரையின் கதையை அப்போதுதான் முழுதாகச் சொன்னாள், துரையில் தொடங்கி, அந்தக் கடைசிக் காலை வரைக்கும். கதை முடிந்ததும் கைறுன்னிஸா எழும்பி, சேலையை உதறி, ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

“என்ட குதிரையில ஏறுவாங்களாமா?”

றஸீனா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க வேண்டி இருந்தது, அழுகையையும்.

கலியாணம் வரைக்கும் அது வேம்படியிலேயே நிற்கட்டும் என்று கைறுன்னிஸா குதிரையைத் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு நடந்ததை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கைறுன்னிஸாவிடம் இருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றன் பின் ஒன்றாக உத்தரவு வந்தது. மாப்பிள்ளை நடந்துதான் வர வேண்டும். குதிரையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். குதிரையின் மேல் சேணம் வைக்கக் கூடாது, பட்டுத் துணி மட்டும் போடலாம், அதிலும் சரிகைக்கரை உள்ளது வேண்டாம், அரிக்கும். வெடி வேண்டாம், வெருளும். ரபான் அடிக்கிறவர்கள் பின்னால் தள்ளி வரட்டும். பைத் பாடலாம், ஆனால் மெல்லப் பாடச் சொல்லுங்கள். தடபுடலாக வராவிட்டால் வரவே வேண்டாம் என்று நின்ற அதே மனுஷிதான். வெடிக்காரனுக்கு முற்பணம் கொடுத்து வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்வலம் வெளிக்கிட்டது. ஏறாவூரில் அப்படியொரு ஊர்வலம் அதற்கு முன் போனதில்லை. மாப்பிள்ளை தலைப்பாகையும் மாலையுமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பக்கத்தில் குதிரை வெறும் முதுகோடு, பச்சைப் பட்டுப் போர்த்தி, தலையை ஆட்டி ஆட்டி வருகிறது. பின்னால் ஊரே கிசுகிசுத்த குரலில் பைத் பாடுகிறது. வேலிக்கு மேலால் பார்த்த பெண்டுகள் மாப்பிள்ளை ஆர், இவனா அவனா என்று கேட்டார்கள். முனாப் காது சிவந்தான், ஆனால் சிரித்தான். கடப்படி கண்ணில் பட்டதும் ஹலீம் காக்காவுக்குப் பொறுக்கவில்லை. கடைசி நாலு எட்டுக்கு மட்டும் ஏறி இறங்கட்டுமே, ஆசைக்கு, பேருக்கு, என்று மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார்.

“காக்கா!” என்றது உள்ளே திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். “ஆச இரிக்கிறவங்க என்ட எருமையில ஏறட்டும். தோதான எரும நிக்கிது.”

ஊர் சிரித்த சிரிப்பில் ஹலீம் காக்காவும் சேர்ந்துகொண்டார். நல்ல மனிதர், வேறென்ன செய்வார்.

றஸீனா சிரிக்கவில்லை. உள்ளே புதுக் கொட்டில் போட்டு, வைக்கோல் பரப்பி, தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். சிவலை நேராகப் போய் வைக்கோலுக்குள் தலையை விட்டது. முனாப் கடப்படியில் நின்று ராத்தாவைத் திரும்பிப் பார்த்தான். குதிரை திரும்பிப் பார்க்கவில்லை. அது நல்லதுக்குத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். வேம்படி வெறுமையாக இருந்தது. கொட்டிலும் வெறுமையாக இருந்தது. அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். கேட்பதற்கு ஆளில்லாத வளவில் அழுவதற்கு என்ன வெட்கம்?

ஆனால் கைறுன்னிஸா விடுகிறவளா? கிழமைக்கு ஒரு தரமாவது ஆள் அனுப்புவாள். குதிரை தும்முகிறது, வா. குதிரை மண் தின்கிறது, வா. குதிரை மருமகனை முறைக்கிறது, வா. றஸீனா போவாள். போய் வாயைப் பார்க்காமல் நடையைப் பார்ப்பாள், முழங்காலைத் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். வாவிக்கரை மணலில் கயிற்றோடு நடத்திப் பழக்குவாள். அடுத்த வருஷப் போகம் வெட்டியதும் கைறுன்னிஸா கேட்டாள், இப்போது சரிதானே என்று. இல்லை என்றாள் றஸீனா. முனாப் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மாமியார் அவனைப் பார்த்த பார்வையில் அதை இறக்கியும் வைத்தான்.

நாலு வயது ஆன பிறகு வெறும் சாக்கு ஒன்றை முதுகில் போட்டுப் பழக்கினார்கள். பிறகு சாக்கில் கொஞ்சம் நெல். வெறும் வண்டியைப் பூட்டி ஒழுங்கையால் ஒரு நடை. ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. அதற்கும் அடுத்த வருஷப் போகம் முடிந்து, நெல்லும் வீடு வந்து சேர்ந்த ஒரு காலையில் கைறுன்னிஸா ஆள் அனுப்பவில்லை, தானே வந்தாள். றஸீனாவின் வளவுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“எனக்கு மட்டமாத் தெரியிது. என்ட கண்ண நான் நம்பல்ல. நீ வந்து பார்.”

றஸீனா போய்ப் பார்த்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாள், பின்னால் நின்று பார்த்தாள். தோளும் பின்மேடும் ஒன்றுக்கொன்று சரியாய் நின்றன. நெஞ்சு விரிந்திருந்தது. முழங்கால் எலும்பு கட்டிப் போயிருந்தது. உள்ளங்கையை முதுகில் வைத்து, மெல்ல, பிறகு தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். முதுகு அசையவில்லை. சிவலை திரும்பி, என்ன வேண்டும் உனக்கு என்கிற மாதிரி அவளைப் பார்த்தது.

“ஏறலாம்,” என்றாள்.

முனாப் ஓடி வந்தான். கைறுன்னிஸா கையை நீட்டி மறித்தாள். நீ இந்த வீட்டுச் சோற்றைத் தின்று தடித்துப் போயிருக்கிறாய், முதல் பாரம் நீ இல்லை, உன் ராத்தா ஏறட்டும் என்றாள். றஸீனா திகைத்துப் போனாள். அவள் பிறந்ததில் இருந்து ஒரு குதிரையின் முதுகிலும் இருந்தவள் இல்லை. பெண்பிள்ளை ஏறுகிறதா, ஆராவது கண்டால் என்ன சொல்வார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். காணாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கைறுன்னிஸா முனாப்பைத் தவிர ஆம்பிளைகளை எல்லாம் வயலுக்கு விரட்டிவிட்டுக் கடப்படியில் போய்க் காவல் நின்றாள். அவளைத் தாண்டி உள்ளே வர இந்த ஊரில் ஒருத்தனுக்கும் துணிவில்லை.

ஸஹீதா உரலைக் கவிழ்த்து வைத்தாள். முனாப் கயிற்றைப் பிடித்தான். றஸீனா பிஸ்மில்லாஹ் சொல்லி, முதலில் வயிற்றால் முதுகில் சாய்ந்து கிடந்தாள். குதிரை காதைப் பின்னுக்கு மடித்தது, பிறகு விட்டது. அவள் மெல்லக் காலைப் போட்டு நிமிர்ந்து இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உடம்பு முழுவதும் அந்த முதுகு தாழ்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாய் எத்தனை பேருக்கு மாட்டேன் என்று சொல்லி வந்தவள்! இப்போது அது மட்டும் தாழ்ந்தால் தன்னையே மன்னிக்க மாட்டாள்.

தாழவில்லை. அவளுக்குக் கீழே அது உறுதியாய், சூடாய், மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. முனாப் நாக்கால் ஒரு சத்தம் எழுப்ப, அடி எடுத்து வைத்தது. இன்னொன்று. மணலைத் தாண்டி வாவியின் ஆழமில்லாத தண்ணீருக்குள் இறங்கி, முழங்கால் அளவு வரைக்கும் போய், குனிந்து மோந்து பார்த்து, அவள் கேட்காமலே திரும்பிக் கரையேறியது. பின்னங்காலில் நடுக்கம் இல்லை. றஸீனாவுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கம் கெட்ட சிரிப்பு, அடக்க முடியவில்லை. கடப்படியில் காவல் நின்ற கைறுன்னிஸா காவலை மறந்து, முக்காடு விழுந்ததும் தெரியாமல், வளவுக்குள் ஓடி வந்தாள்.

றஸீனா உரலில் கால் வைத்து இறங்கினாள். குதிரையின் பிடரியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கயிற்றைத் தம்பியின் கையில் இருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள்.

“இப்ப நீ ஏறு மகனே,” என்றாள்.